36 பேர், ஒரு பட்டாலியன்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் என் வாட்டர்லூ மேசையின் (1815-ல் நெப்போலியன் பிரிட்டிஷ், பிரஷ்யப் படைகளிடம் தோற்ற போர்) படங்கள் வந்த பிறகு நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. பலருக்கு இது புதிய விஷயம் என்பதால் முதலில் ஒரு வார்த்தை. வரலாற்றில் நடந்த ஒரு போரை எடுத்துக்கொள்வோம். அதில் நின்ற படைகளைச் சின்ன உருவங்களாக ஒட்டி, வண்ணம் தீட்டுவோம். மேசையில் மேடும் வயலும் வீடும் அமைத்து, அளவுநாடாவும் பகடையும் கொண்டு விதிப்படி ஆடுவோம். ஆட்டம் ஒரு மாலை; படையைக் கட்டுவது ஒரு வருடம். நான் மதுரையில் ஒரு பல் லேபில் 26 வருடமாகப் பல் செட் செய்கிறவன். மெழுகு செதுக்கும் கருவியும் மேசை விளக்கும் கையில் இருந்ததால் இந்தப் பக்கம் வந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நெப்போலியன் காலப் படை கட்ட ஆசை. எந்த அளவு உருவம் வாங்குவது, எத்தனை பேர் வேண்டும்? பிரெஞ்சு, பிரிட்டிஷ் இரண்டையும் ஒரே தடவையில் வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

வேண்டாம் தம்பி. ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள். அதை முடித்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம். பிரிக்காத பெட்டிகள் அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தால் பிரஷைத் தொடவே மனம் வராது. நல்ல கை உள்ள நாலைந்து பேர் அப்படியே இதை விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அளவைப் பொறுத்தவரை 6, 15, 20, 28 மில்லிமீட்டர் என்று பல உண்டு. 6 மில்லிமீட்டரில் படை படையாகவே தெரியும், முகம் தெரியாது. 28-ல் பொத்தான் வரை தெரியும், ஆனால் இடமும் நேரமும் அதிகம் பிடிக்கும். 1/72 (நிஜ ஆளில் 72-ல் ஒரு பங்கு) என்று போட்டு வரும் மெத்தென்ற பிளாஸ்டிக் பெட்டிகள்தான் விலை குறைவு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஏறக்குறைய இந்த அளவுச் சிப்பாய்களை 1959-ல் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே அதில்தான் கை பழகியது. அந்தப் பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும் என்பதால் வண்ணம் உரிந்து வரும். சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பூச்சு கொடுத்துவிட்டுப் பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடியுங்கள். கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் 28 மில்லிமீட்டர் கெட்டிப் பிளாஸ்டிக்கையே சொல்வேன். என் படையும் அதுதான்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். 1808-ல் நெப்போலியன் போட்ட உத்தரவுப்படி பிரெஞ்சுக் காலாட்படையின் ஒரு பட்டாலியனில் 6 கம்பெனி, கம்பெனிக்கு 140 பேர், மொத்தம் 840. ஒரு கம்பெனி கிரெனடியர் (தேர்ந்தெடுத்த முரட்டு வீரர்கள்), ஒன்று வோல்டிஜர் (முன்னால் சிதறி நின்று சுடுபவர்கள்), மீதி நான்கும் ஃபியூசிலியர் (சாதாரணச் சிப்பாய்கள்). கம்பெனிக்கு 6 உருவம் வைத்தால் 36 உருவத்தில் முழு பட்டாலியன் நின்றுவிடும். அப்போது ஒவ்வோர் உருவமும் ஏறக்குறைய 23 மனிதருக்குச் சமம். இந்த 23 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு பட்டாலியனின் அடிப்பலகைக்குக் கீழேயும் அதை எழுதி வைக்கிறேன்.

கம்பெனிகளை வேறுபடுத்துவது தொப்பியின் மேலிருக்கும் சின்னக் குஞ்சம். ஃபியூசிலியர்களில் முதல் கம்பெனிக்குப் பச்சை, இரண்டாவதற்கு வான்நீலம், மூன்றாவதற்கு ஆரஞ்சு, நான்காவதற்கு ஊதா. கிரெனடியருக்குச் சிவப்பு. வோல்டிஜருக்கு மஞ்சள் காலர். ஒரு கடுகளவு வண்ணம்தான். ஆனால் மேசையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாலும் கம்பெனி கம்பெனியாகப் பிரிந்து தெரியும்.

முதல் படை என்பதால் நீளக்கோட்டு போட்ட உருவங்களாகப் பார்த்து வாங்குங்கள். 1815-ல் பிரெஞ்சுக்காரர்கள் பலர் நீளக்கோட்டோடுதான் சண்டை போட்டார்கள். நீலச் சட்டை, வெள்ளை மார்புப்பட்டி, சிவப்பு விளிம்பு எல்லாம் அதற்குள்ளே மறைந்துவிடும். சாம்பல், பழுப்பு, மங்கிய காக்கி என்று ஆளுக்கொரு நிறம் கொடுக்கலாம், அதுதான் உண்மையும்கூட.

பன்னிரண்டு பேரை ஐஸ் குச்சிகளில் வரிசையாக ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு நிறத்தை எடுத்தால் பன்னிரண்டு பேருக்கும் அடித்து முடித்த பிறகே அடுத்த நிறம். முதல் ஆளை மட்டும் அழகாக முடித்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். அப்படி ஆரம்பித்தால் முப்பத்தாறாவது ஆள் வரவே மாட்டான். என் முதல் பட்டாலியன் இரண்டு மாத மாலைகளை எடுத்துக்கொண்டது. உங்களுக்கும் அந்த அளவு ஆகும், பரவாயில்லை.

ஸ்பிரே பிரைமர் அடித்தால் உருவம் முழுக்கச் சொரசொரப்பாகிவிடுகிறது. டின் கெட்டதா, என் கை கெட்டதா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

இரண்டும் இல்லை. உங்கள் ஊர் ஈரக்காற்று. இரண்டு பருவமழையும் பார்க்கிற ஊர் ஆயிற்றே. துளிகள் காற்றில் போகும்போதே பாதி காய்ந்துவிட்டாலும் இப்படி ஆகும், ஈரத்தோடு சேர்ந்து படிந்தாலும் ஆகும்.

எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு நவம்பர் மாதம், மழை விட்ட மாலை. முப்பது பிரஷ்ய லாண்ட்வேர் (பொதுமக்களைத் திரட்டிய படை) சிப்பாய்கள், எல்லாம் உலோகம். மொட்டை மாடியில் நிற்க வைத்து அடித்துவிட்டுக் கீழே வந்தேன். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் ஒவ்வொருவன் மேலும் ரவை தூவினது மாதிரி இருந்தது. மூக்கும் மீசையும் அந்த ரவைக்குள்ளே. இரண்டு வாரம் அரம் பிடித்துச் சுத்தம் செய்த உருவங்கள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மீட்ட விதம் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் கலக்காத டெட்டாலை ஊற்றி உருவங்களை ஒரு நாள் மூழ்க வைத்தேன். மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு பழைய டூத் பிரஷால் தேய்க்க, படை படையாகக் கழன்று வந்தது. இதில் ஒன்று முக்கியம். பெயிண்ட் முழுதாகப் போகிறவரை தண்ணீர் படவே கூடாது. தேய்க்கும்போது பிரஷைக்கூட டெட்டாலில்தான் நனைக்க வேண்டும். தண்ணீர் பட்டால் கழன்ற பெயிண்ட் எல்லாம் பலாப்பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு போகவே போகாது. எல்லாம் வந்த பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு கழுவு.

இனிமேல் ஸ்பிரே அடிப்பதென்றால் வெயில் ஏறிய முற்பகல், மழை இல்லாத நாள். டின்னை இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, விட்டுவிட்டு அடியுங்கள். மழைக்காலம் முழுக்க ஸ்பிரேயை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிரஷால் பூசும் அக்ரிலிக் பிரைமருக்கு மாறிவிடுங்கள். நான் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அப்படித்தான். மேட் வார்னிஷுக்கும் (பளபளப்பில்லாத காப்புப் பூச்சு) இதே கதைதான்: ஈரத்தில் அடித்தால் முடிந்த படையின் மேல் வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி ஆகும். பதறாதீர்கள். பளபளப்பு வார்னிஷைப் பிரஷால் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் அந்த வெண்மை மறைந்துவிடும். நல்ல வெயில் நாளில் அதன் மேல் மேட் அடித்துக்கொள்ளலாம்.

28 மி.மீ. உருவத்துக்குக் கண் வரைந்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். குழிக்குள் கரும்பழுப்பு நிழல் விழுந்தாலே மூன்றடித் தூரத்தில் அது கண்தான். தளபதிக்கும் கொடி பிடிப்பவனுக்கும் மட்டும் வையுங்கள். முகத்தில் நேரத்தைச் செலவிட விரும்பினால் மூக்கு நுனியிலும் கன்னத்து எலும்பிலும் வெளிர் நிறம் ஒரு தொடு தொடுங்கள். உயிர் வருவது அங்கேதான்.

பிரிட்டிஷ் காலாட்படைக்குச் சிவப்பு அடித்தேன். தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கிறது. சரியான சிவப்பு எது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

சாதாரணச் சிப்பாயின் கோட்டு மஞ்சிட்டி இனத்து வேரில் சாயம் தோய்த்தது. நம் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி என்று கேட்டால் செந்நிறக் குச்சியாக எடுத்துத் தருவார்களே, அதன் ஐரோப்பியப் பங்காளி. அந்தச் சாயம் கொடுப்பது செங்கல் பக்கம் சாய்ந்த மங்கிய சிவப்பு. அதிகாரியின் கோட்டு நல்ல கம்பளி. கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். அதுதான் சுடர்விடும் சிவப்பு. ஆகவே ஒரே படையில் இரண்டு சிவப்பு வேண்டும். சிப்பாய்களுக்கு மங்கலானது, அதிகாரிக்குப் பளிச்சென்றது. இதை மட்டும் செய்துவிட்டால் வேறு எதுவும் செய்யாமலே உங்கள் அதிகாரி கூட்டத்தில் தனியாகத் தெரிவார்.

இனி கை வேலை. கோட்டு முழுவதும் முதலில் செம்பழுப்பு அடியுங்கள். மாட்டு ஈரல் நிறம் என்று நினைத்துக்கொள்ளலாம். காய்ந்ததும் மங்கிய சிவப்பைத் தண்ணிப் பால் பதத்துக்குக் கரைத்து, மடிப்புக் குழிகளை மட்டும் விட்டுவிட்டு மேட்டுப் பகுதிகளில் தடவுங்கள். முழங்கையின் உள்பக்கம், கக்கம், வார்ப்பட்டையின் ஓரம் – இங்கெல்லாம் அந்தச் செம்பழுப்பு ஒரு மயிரிழை தெரிய வேண்டும். மூன்றாவதாக அதே சிவப்பில் துளி ஆரஞ்சு கலந்து தோள்பட்டையின் மேல் விளிம்பு, மடக்கிய முழங்கையின் கூர் இரண்டிலும் மட்டும் ஒரு கோடு. வெள்ளை கலக்காதீர்கள், ரோஜா நிறமாகிவிடும். குறுக்கு வார்களும் நேராக வெள்ளை இல்லை. முதலில் வெளிர் சாம்பல், அதன் நடுவில் மட்டும் வெள்ளை.

காலருக்கும் கைமடிப்புக்கும் ரெஜிமெண்டுக்கு, அதாவது எண் போட்ட படைப்பிரிவுக்கு, ஒரு நிறம். வாட்டர்லூவில் ஹால்கெட் என்ற தளபதியின் பிரிகேடை (சில ரெஜிமெண்டுகள் சேர்ந்த அணி) எடுத்துக்கொண்டால் 30-வது ரெஜிமெண்டுக்கு வெளிர்மஞ்சள், 33-வதற்குச் சிவப்பு, 73-வதற்குக் கரும்பச்சை. நான் முதலில் செய்தது 33-வதைத்தான். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தரப்புத் தளபதியான வெலிங்டனின் சொந்த ரெஜிமெண்ட். அவர் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற கர்னலாக இருந்த காலத்தில் 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்கு வந்த அதே 33.

ஃபேன் காற்றில் அக்ரிலிக் நொடியில் காய்ந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூடியுள்ள டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன் மேல் பேக்கரியில் கேக்குக்கு அடியில் போடும் பட்டர் பேப்பர், அதன் மேல் வண்ணம். மூடி வைத்தால் மறுநாள் மாலைகூட ஈரமாக இருக்கும்.

அடிப்பலகையில் மணல் ஒட்டினால் எல்லாப் படையும் பாலைவனத்தில் நிற்பது மாதிரி இருக்கிறது. வாட்டர்லூ தரை எப்படி இருந்தது?
– ஒரு வாசகர், காரைக்குடி

சேறும் பயிரும். 1815 ஜூன் 17 மாலையும் இரவும் கொட்டித் தீர்த்த மழை. 18-ஆம் தேதி காலையில் பீரங்கிச் சக்கரம் இறங்கும் அளவுக்கு மண் குழைந்திருந்தது. அந்தச் சரிவுகளில் ஆள் உயரத்துக்கு ரை என்ற தானியப் பயிர் நின்றது. ஆகவே மணல் ஒட்டியதும் அதன் மேல் அடர்ந்த பழுப்பு. காய்வதற்குள் அங்கங்கே பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு. ஈரச் சேறு கிடைத்துவிடும். சிப்பாய்களின் காலிலும் முட்டி வரை அதே பழுப்பைத் தேயுங்கள். வெள்ளைக் கால்சட்டையை அத்தனை கஷ்டப்பட்டு அடித்த பிறகு சேறு பூச மனம் வராது. பூசுங்கள்.

ரை வயலுக்குத் தென்னை நார் மிதியடி வாங்குங்கள். வாசலில் போடுவோமே, அந்த முரட்டு நார் மிதியடிதான். கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டி மேசையில் பதித்தால் விளைந்த வயல். படை நடந்து போகும் இடத்தில் கத்தரியால் ஒரு பாதை வெட்டிவிடலாம். மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, தங்கியதைக் கல்லுக்கும் இறங்கியதை மண்ணுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிர் என்றதும் வில்லியம் சைபர்ன் ஞாபகம் வருகிறார். பிரிட்டிஷ் ராணுவத்தில் லெப்டினென்ட். 1830-ல் வாட்டர்லூவின் மாதிரி ஒன்று செய்யச் சொல்லி அவருக்குப் பணி வந்தது. போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடு இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார்: மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார், உங்கள் முன்னால் இருந்த வயலில் என்ன பயிர்? பயிரைக் கேட்டார் பாருங்கள், அந்த இடத்தில் நான் இந்த மனிதருக்குக் கை கூப்புகிறேன். மாதிரி 1838-ல் லண்டனில் காட்சிக்கு வந்தது. ஏறக்குறைய 400 சதுர அடி, 70,000-க்கும் மேல் சின்ன உருவங்கள். அரசாங்கப் பணம் நின்றுபோய் அவர் கடனில் விழுந்தார். பிரஷ்யர்களை எங்கே நிறுத்துவது என்பதில் வெலிங்டன் தரப்போடு மனக்கசப்பும் வந்தது. அந்த மாதிரி இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் 36 பேருக்குச் சலித்துக்கொள்ளும்போது இவரை நினைத்துக்கொள்ளலாம்.

என் மகனுக்கு 16 வயது. படிக்கும் நேரம் போக எல்லா நேரமும் இந்தச் சிப்பாய்களோடுதான். பரீட்சை ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, சண்டையையும் சாவையும் விளையாட்டாகப் பார்க்கப் பழகிவிடுவானோ என்பது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அம்மா, உங்கள் இரண்டாவது கவலை நியாயமானது. என் மனைவியும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டார்.

வாட்டர்லூவில் ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறக்குறைய 50,000 பேர். லா ஹே சாந்த் பண்ணைக்குப் பின்னால் குறுக்குச் சாலை ஓரமாக 27-வது இன்னிஸ்கிலிங் ரெஜிமெண்ட் நாலு பக்கமும் துப்பாக்கி நீட்டிச் சதுரம் கட்டி நின்றது. குதிரைப்படை வந்தால் சதுரம் கலையக் கூடாது. நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. நகராத இலக்கைப் பீரங்கி விடாது. மாலைக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு விழுந்துவிட்டார்கள். விழுந்தவர்கள் சதுர வடிவிலேயே கிடந்தார்கள்.

அந்த ரெஜிமெண்டை நான் செய்திருக்கிறேன். இளம்பழுப்புக் காலர் வைத்து, முப்பத்திரண்டு உருவம். ஒவ்வொருவனுக்கும் முகம், கழுத்துப் பட்டி, முதுகுப் பை, தண்ணீர்க் குப்பி என்று நானே தீட்டியவை. ஆட்டத்தில் பகடை விழுந்து அந்தச் சதுரத்திலிருந்து ஒருவனை எடுத்து ஓரமாக வைக்கும்போது, அடிப்பலகைக்குக் கீழே எழுதி வைத்த எண் கண்ணில் படும். கை ஒரு நொடி நிற்கும். சினிமாவில் நூறு பேர் சாவதைப் பார்த்தபோது எனக்கு அப்படி நின்றதில்லை.

எச். ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளைப் புத்தகமாகவே போட்டார். சின்னப் போரை நாலு முறை ஆடிப் பார்த்தால் பெரிய போர் எவ்வளவு மூடத்தனமானது என்று புரிந்துவிடும் என்பது அவர் அதில் சொன்ன கருத்து. மறு வருடமே முதல் உலகப்போர் வந்தது.

உங்கள் மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்தப் பட்டாலியன் யார், எங்கிருந்து வந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள்? பதில் சொன்னால் அவன் வரலாறு படிக்கிறான் என்று அர்த்தம். சொல்லத் தெரியாவிட்டால் தேடச் சொல்லுங்கள். பரீட்சைக்கு ஒரு ஏற்பாடு: வாரநாளில் ஒரு மணி நேரம், ஒரு ஐஸ் குச்சி, அவ்வளவுதான். இது அவசரம் இல்லாத வேலை. ஜூன் மாதம் வரை பொறுத்துக்கொள்வார்கள் அந்தச் சிப்பாய்கள். இன்னொன்று, பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும். அரம் போடும்போது முகமூடி, முடித்ததும் கை கழுவல். அந்த மேசையில் தின்பண்டம் கூடாது. எங்கள் லேபில் இது சட்டம். அவனுக்கும் சட்டமாக்குங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே புள்ளலூர் இருக்கிறது. அந்தப் போரைச் செய்யலாமா? உருவங்கள் கிடைக்குமா?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம்

தாராளமாகச் செய்யலாம். ஆங்கிலப் புத்தகங்களில் ‘பொல்லிலூர்’ என்று வருவது உங்கள் புள்ளலூர்தான். பல்லவ மகேந்திரவர்மனின் வெற்றியைச் சொல்லும் காசக்குடிச் செப்பேட்டிலும் அதே ஊர்தான் வருகிறது.

நீங்கள் கேட்பது 1780 செப்டம்பர் 10. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கர்னல் வில்லியம் பெய்லி சுமார் 3,800 பேரோடு, காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர வந்துகொண்டிருந்தார். வழியிலேயே ஹைதர் அலியும் திப்புவும் மடக்கினார்கள். பெய்லியின் படை சதுரம் கட்டியது. ராக்கெட்டும் பீரங்கியும் பொழிய, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு முடிந்தது. மன்றோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வந்து சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-ல் இறந்தார். அங்கே தரியா தவுலத் பாக் மாளிகையின் சுவரில் இந்தப் போர் முழுவதும் ஓவியமாக இருக்கிறது. பல்லக்கில் பெய்லி, சதுரத்தின் நடுவே வெடிக்கும் வண்டி எல்லாம் பார்க்கலாம். பேருந்து ஏறிப் போய் ஒரு நாள் முழுக்க அந்தச் சுவர் முன்னால் நில்லுங்கள். பிறகு பிரஷை எடுங்கள்.

மூன்று விஷயம் சொல்வேன். பெய்லியின் படையில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர் இல்லை, நம் பக்கத்துச் சிப்பாய்கள். சிவப்பு மேற்சட்டை, முட்டிக்கு மேல் நிற்கும் வெள்ளை அரைக்கால் சட்டை. அவர்கள் முகத்தை ஒரே பழுப்பில் அடித்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் பத்துப் பேரைப் பாருங்கள், பத்து நிறம் இருக்கும், அவ்வளவும் வேண்டும். அடுத்து, புலிவரிச் சட்டை. திப்பு ஆட்சிக்கு வந்தது 1782 இறுதியில். அந்தச் சட்டை அவர் காலத்து அடையாளம். 1780-ல் நிற்பது ஹைதரின் படை. அழகாக இருக்கிறதே என்று போட்டுவிட வேண்டாம்.

கடைசியாக ராக்கெட். இரும்புக் குழாயை நீள மூங்கிலில் கட்டி விடுவது. கர்நாடகத்தின் நகரா என்ற ஊரில் 2018-ல் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் எடுத்தார்கள். 28 மி.மீ. அளவுக்கு மெல்லிய மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையில் 5 மி.மீ. துண்டு வெட்டி, தென்னை ஈர்க்கின் மெல்லிய நுனியில் ஒட்டுங்கள். ஈர்க்கு ஆளை விட நீளமாகவே இருக்கட்டும், தவறில்லை. பறக்கும் ராக்கெட்டுக்குப் பின்னால் பஞ்சைத் திரித்து, வால் பக்கம் ஆரஞ்சு தொட்டுப் புகையாக்கலாம். மைசூர் உருவங்களைச் சில வெளிநாட்டுச் சிறு நிறுவனங்கள் வார்க்கின்றன, எப்போதும் கிடைக்காது. நான் வேறு காலத்து இந்திய உருவங்களை வாங்கி, எம்-சீலில் தலைப்பாகையும் இடுப்புக் கச்சையும் செய்து மாற்றிக்கொள்கிறேன். கருவியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள், ஒட்டாது. சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் பட்டாணி அளவு மட்டும் பிசையுங்கள்.

3டி பிரிண்டரில் அடித்த உருவங்களைப் பயன்படுத்தினால் பொழுதுபோக்கின் மரியாதை போய்விடுமா?
– ஒரு வாசகர், சென்னை

போகாது. வண்ணம் தீட்டுவது உங்கள் கைதானே. உருவத்தைக் கணினியில் செதுக்கியவருக்குக் காசு கொடுத்து அந்தக் கணினிக் கோப்பினை வாங்குங்கள், அது முக்கியம். திரவ ரெசின் தோலில் படக் கூடாது. நைட்ரைல் கையுறை, ஜன்னல் திறந்த அறை. படுக்கையறையில் வேண்டவே வேண்டாம்.

எனக்கு 71 வயது. ராணுவத்திலிருந்து ஓய்வு. ஆறு குதிரைவீரர்கள் கொண்ட பெட்டியைப் பேத்தி பரிசளித்தாள். கை நடுங்குகிறது. என்னால் முடியுமா?
– ஒரு வாசகர், குன்னூர்

முடியும் ஐயா. குதிரைப் பெட்டி கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் கை. பல் லேபில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது, கை அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதுதான். இரண்டு முழங்கையும் மேசையில். இரண்டு மணிக்கட்டின் அடியும் ஒன்றையொன்று தொட்டு இருக்கட்டும். பிரஷ் பிடித்த கையின் சுண்டுவிரல் உருவம் ஒட்டிய பாட்டில் மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். நடுக்கம் வந்தாலும் இரண்டு கையும் சேர்ந்தே ஆடும். பிரஷுக்கும் உருவத்துக்கும் இடைவெளி மாறாது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பெரி சகோதரர்கள் என்று இரட்டையர் இருக்கிறார்கள். இந்தத் துறையில் உருவம் செதுக்குபவர்களில் தலையாயவர்கள். அவர்களில் மைக்கேல் பெரி, பழைய போர் ஒன்றை நடித்துக்காட்டும் நிகழ்ச்சியில் நடந்த பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தார். இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டார். என் 33-வது ரெஜிமெண்ட் அவர்கள் நிறுவனத்து உருவங்கள்தான்.

இனி குதிரை. இதற்கு நேர்கோடே தேவையில்லை. குதிரை முழுக்க வெளிர் பழுப்பு அக்ரிலிக் அடித்து, காய்ந்ததும் வார்னிஷ் ஒரு பூச்சு. அது நன்றாக இறுகிய பிறகு ட்யூப்பில் வரும் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பை எடுத்து, ஒரு இடம் விடாமல் அப்புங்கள். அழகு பார்க்க வேண்டாம். இருபது நிமிடம் விட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மெத்தென்ற துண்டால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மேடுகளில் வண்ணம் போய்விடும், தசை மடிப்புகளில் தங்கிவிடும். தொடையும் விலாவும் கழுத்து நரம்பும் தானாகவே எழுந்து வரும். முதல் தடவை துடைத்தபோது நான் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலைந்து நாள் தூசி படாமல் மூடி வைத்து ஆயிலைக் காயவிடுங்கள், குன்னூர்க் குளிருக்கு ஒரு வாரம் கூட ஆகும். பிறகு பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. எக்காளம் ஊதுபவனின் குதிரையை மட்டும் வெள்ளையாக விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துப் படைகள் பலவற்றில் அதுதான் வழக்கம். பெட்டியில் எந்த ரெஜிமெண்ட் என்று எழுதியிருக்கிறது என எனக்குத் தெரிவியுங்கள். சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியின் நிறத்தையும் அதன் ஓரப் பட்டையையும் அடுத்த இதழுக்குள் எழுதி அனுப்பிவிடுகிறேன்.